மச்சாளின் மூச்சை அளந்த காலை

என் மச்சாள் பத்மாவதி கள்ளமாகத் தின்னவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் கொழும்பில், வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கையில் இன்றைக்கும் நாலு பேர் வேறு மாதிரிக் கதைப்பார்கள். "பத்மாக்காவோ? பாவம், வாயைக் கட்டத் தெரியாத மனுசி" என்பார்கள். வாயைக் கட்டுவதென்றால் முதலில் தங்கள் வாயைக் கட்டட்டும்.

மச்சாள் என் அண்ணன் நாகேந்திரத்தின் மனைவி. அண்ணன் ஒரு அரசாங்கக் கந்தோரில் கிளாக்கர். நான் ஜெகதீஸ்வரி, கோட்டையில் ஒரு கம்பனியில் டைப் அடிப்பவள். கலியாணம் கட்டவில்லை, அண்ணன் வீட்டில்தான் இருந்தேன். அவர்களுக்கும் பிள்ளை இல்லை. காலி வீதிக்கும் கடலுக்கும் நடுவில் இரண்டறை வீடு, ஒரு குசினி, நாங்கள் மூன்று பேர். கொக்குவிலில் இருந்து கலியாணம் கட்டி வந்த புதிதில் என் சட்டையை மச்சாள் போட்டால் தொளதொளவென்று நிற்கும். ஆனால் ஆசையாகச் சாப்பிடுவார். காலி வீதிப் பேக்கரியில் பின்னேரம் மாலு பாண் சூடாக வரும், உள்ளே மீனும் கிழங்கும் மிளகுத்தூளும் வைத்த பணிஸ். மச்சாளுக்கு அதில் உயிர். நடந்து வரும்போதே ஒன்றை முடித்துவிட்டு, வீட்டுக்கு வந்து ஒன்றுமறியாத பிள்ளை மாதிரி இன்னொன்றை எடுப்பார். அண்ணன் அதைப் பார்த்து விழுந்து விழுந்து சிரிப்பார்.

நாற்பதைத் தாண்டியதும் மச்சாள் ஊதத் தொடங்கினார். முகம் ஊதியது, கண்ணுக்குக் கீழே பை தொங்கியது, கால் கனத்தது. சோற்றைக் குறைத்தார். பிறகு இரவுச் சாப்பாட்டை விட்டார். மாலு பாணையும் விட்டார். பேக்கரி வாசலைக் கடக்கும்போது சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு நடப்பதை நானே கண்டேன். அப்படியிருந்தும் தராசு முள்ளு இறங்கவில்லை, ஏறியது.

இதற்குள் மனிசிக்குக் குளிர் வேறு. கொழும்பு வேக்காட்டில் நாங்கள் விசிறி மட்டையோடு அலையும்போது மச்சாள் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு இருப்பார். நுவரெலியாவுக்குப் பயணமோ என்று நான்கூடப் பகிடி விட்டிருக்கிறேன். சிரிப்பார், ஆனால் அந்தச் சிரிப்பும் மெல்ல மெல்லத்தான் முகத்துக்கு வரும். குரல் கரகரத்தது. தலைமயிர் கொத்தாகக் கொட்டியது.

"காத்தைக் குடிச்சோ உடம்பு வைக்குது?" என்று அண்ணன் கேட்கத் தொடங்கினார்.

முதலில் பகிடியாகத்தான் கேட்டார். பிறகு பகிடி கழன்றுவிட்டது. எங்கள் அம்மா பெரிய உடம்புக்காரி. மாடிப்படி ஏறும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு குந்தியவர், எழும்பவில்லை. அண்ணன்தான் அவரைத் தூக்கி வந்தவர். அந்தப் பயம் அவருடைய அடிவயிற்றில் கிடந்தது. பெண்சாதியும் அப்படிப் போய்விடுவாள் என்ற பயம்தான் கோபமாக வெளியே வந்தது. அண்ணன் கெட்டவர் என்றால் நான் நல்லாய்த் திட்டிவிட்டு மறந்திருப்பேன். கெட்டவர் இல்லை, அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல்.

மச்சாள் சாப்பிடும்போது அவர் குசினி வாசலில் வந்து நிற்பார். நிலையில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு சோற்றுக் கோப்பையையே பார்ப்பார். மச்சாள் தலையைக் குனிந்துகொண்டு, அந்தக் கொஞ்சச் சோற்றையும் வாய்க்குள் வைக்கக் கூச்சப்பட்டுப் பிசைந்துகொண்டே இருப்பார்.

"நான் கள்ளமாத் தின்னுறேல்லை. சத்தியமாத் தின்னுறேல்லை" என்று ஒரு நாள் மச்சாள் அழுதுவிட்டார்.

"அப்ப இந்த உடம்பு எங்கையிருந்து வந்தது? சொல்லுமன்."



அந்தக் காலத்தில்தான் யாரோ சொல்லிக் கொட்டாஞ்சேனை டொக்டர் இரத்தினசிங்கத்திடம் போனோம். வயது போனவர், நிதானமான மனுசன். மச்சாளின் தொண்டையைத் தடவிப் பார்த்தார், குளிர் எவ்வளவு காலம் என்று கேட்டார், பிறகு பக்கத்து அறையைக் காட்டினார். அங்கே அவருடைய பழைய மெசின் ஒன்று இருந்தது. ஒரு பெரிய உருளை, அதிலிருந்து இரண்டு றப்பர் குழாய், பக்கத்தில் கடதாசி சுற்றிய இன்னொரு உருளை, அதன் மேல் ஒரு பேனா முனை.

"பிள்ளை, சும்மா படுத்துக் கிடந்தாலும் உடம்பு அடுப்பு மாதிரி எரிஞ்சுகொண்டுதான் இருக்கும்" என்றார் டொக்டர். "எவ்வளவு எரியுது எண்டு மூச்சில பாக்கலாம். இதுக்குள்ள ஒட்சிசன் இருக்குது. நீங்கள் இழுக்க இழுக்க அது குறையும், இந்தப் பேனா கோடு போடும். உங்கட அடுப்பு மந்தமா எரிஞ்சால் கொஞ்சம் சாப்பிட்டாலும் உடம்பு வைக்கும். தொண்டைச் சுரப்பியில பிழை எண்டு அர்த்தம், அதுக்குக் குளிசை இருக்குது. அடுப்புச் சரியா எரிஞ்சால்..."

அவர் முடிக்கவில்லை. "சாப்பாடுதான் பிழை" என்று அண்ணன் முடித்தார்.

மச்சாளின் முகத்தைப் பார்க்க வேண்டுமே. எத்தனையோ மாதத்துக்குப் பிறகு ஒரு வெளிச்சம். தன் பக்கத்தில் சாட்சி சொல்ல ஒன்று கிடைத்துவிட்டது, அதுவும் யாருக்கும் பயப்படாத இரும்புச் சாட்சி. "மெசின் பொய் சொல்லாது என்ன, டொக்டர்?" என்று இரண்டு தரம் கேட்டார். அந்த நாளில் இரத்தத்தில் பார்க்கிற சோதனை லேசில் செய்ய முடியாது. டொக்டரும் தன் மெசினைத்தான் நம்பினார்.

அளப்பதற்குச் சட்டதிட்டம் நிறைய. முதல்நாள் பின்னேரத்துக்குப் பிறகு ஒன்றும் சாப்பிடக்கூடாது, காலமை பிளேன்ரீகூடக் கூடாது. நன்றாக நித்திரை கொள்ள வேண்டும். நடந்து வரக்கூடாது, வாகனத்தில் வர வேண்டும். வந்து அரை மணித்தியாலம் அசையாமல் படுக்க வேண்டும். "முக்கியமானது மனம். பயம், கோவம், அந்தரம் ஒண்டும் இருக்கக் கூடாது. இருந்தால் அடுப்பு சும்மா எரிஞ்சு கணக்கை ஏத்திப்போடும்" என்றார்.

மச்சாள் கந்தசட்டி விரதத்துக்குக்கூட இவ்வளவு பக்தியாக இருந்ததில்லை. தண்ணீர் குடிக்கலாம் என்று சொல்லியும் குடிக்கப் பயந்தார். கோபம் வந்துவிடும் என்று என்னையும் அண்ணனையும் கதைக்க விடாமல் வைத்திருந்தார். அந்தக் காலை அவர் வாசலில் வந்து நின்றபோது சின்னப் பிள்ளை பள்ளிக்கூடச் சோதனைக்குப் போகிற மாதிரி இருந்தது.

ஹுசைனின் மொறிஸ் மைனரில் புறப்பட்டோம். ஹுசைன் எங்கள் ஒழுங்கை முகப்பில் டாக்சி ஓட்டுகிறவர். அது எண்பத்தாறாம் ஆண்டு, கொழும்பில் குண்டு வெடிக்கத் தொடங்கியிருந்த நேரம். வெளியே போவதென்றால் மச்சாள் பொட்டு வைக்க மாட்டார், நானும் வைக்க மாட்டேன். தாலிக்கொடியைச் சட்டைக்குள் விட்டுக்கொள்ளுவார். வாகனத்துக்குள் தமிழ் கதைக்க மாட்டோம், கதைத்தால் காதுக்குள் கதைப்போம். இதையெல்லாம் யாரும் எங்களுக்குச் சொல்லித் தரவில்லை. செருப்புப் போடுகிற மாதிரி, வாசலைத் தாண்டும்போது தானாக வந்துவிடும்.

மருதானை தாண்டி ஒரு திருப்பத்தில் வீதியை மறித்திருந்தார்கள். ஆமிக்காரரும் பொலிசும் நின்றார்கள். "பஹின்ன, பஹின்ன" என்று கதவைத் தட்டினார்கள். இறங்கினோம். அண்ணனின் அடையாள அட்டையை வாங்கிய ஆமிப் பொடியன் பிறந்த இடம் வடக்கென்று கண்டான், அண்ணனைப் பார்த்தான், மதில் பக்கம் போய் நிற்கச் சொன்னான். அங்கே ஏற்கனவே எட்டுப் பத்துப் பேர் வெயிலில் வரிசையாக நின்றார்கள். பக்கத்தில் ஒரு லொறி. முன்னுக்கு நின்ற இரண்டு பேரை அதில் ஏற்றினார்கள்.

மச்சாள் என் கையைப் பிடித்தார். அந்தக் குளிர்ந்த கை நடுங்கி, என் வளையல் எல்லாம் கிலுகிலுத்தது. ஹுசைன் போய்ச் சிங்களத்தில், "மாத்தயா, நோனாவுக்குச் சுகமில்லை, டொக்டரிடம் போகிறோம்" என்று மன்றாடினார். யாரோ ஒரு பெரியவன் வந்து அண்ணனின் கந்தோர் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுப் போகச் சொன்னான். அண்ணன் காருக்குள் ஏறி, கைலேஞ்சியால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, "நேரம் போட்டுது. கெதியா விடும் ஹுசைன்" என்று மெதுவாகச் சொன்னார். மச்சாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு இருந்தார்.

டொக்டரின் டிஸ்பென்சரியில் டோரின் என்ற பறங்கிப் பெண் இருந்தா. அவதான் மெசினுக்குப் பொறுப்பு. கட்டிலில் மச்சாளைப் படுக்க வைத்துப் போர்வையால் மூடினா. "கண்ண மூடுங்க மிஸிஸ். ஒண்டும் யோசிக்காதீங்க, சும்மா கிடங்க" என்றா. அண்ணன் உள்ளே நின்றார். நான் வெளியே நீட்டு வாங்கில் குந்தியிருந்தேன், அரைக்கதவுக்கு மேலால் எல்லாம் தெரிந்தது, கேட்டது. அரை மணித்தியாலம் கழிந்து டொக்டர் வந்து நாடி பிடித்தார்.

"நாடி கொஞ்சம் ஓடுது. வழியில ஏதும் நடந்ததோ? பயப்பட்டனீங்களோ?"

"இல்லை டொக்டர். ஒண்டும் நடக்கேல்லை" என்றார் மச்சாள்.

"வழமையான செக்கிங்தான்" என்றார் அண்ணன்.

"ஓம், ஓம். என்னையும் காலமை இறக்கினவங்கள்" என்றார் டொக்டர்.

இவ்வளவுதான் நடந்தது. யாரும் பொய் சொல்லவில்லை. எனக்கும் உள்ளே போய், "ஐயோ டொக்டர், மச்சாள் நடுங்கினவ" என்று சொல்ல வேண்டுமென்று தோன்றவே இல்லை. அண்ணனை லொறியில் ஏற்றியிருந்தால் அது நடந்தது. ஏற்றவில்லை, ஆகவே ஒன்றும் நடக்கவில்லை. எங்கள் எல்லாருடைய கணக்கும் அப்படித்தான் இருந்தது, டொக்டருடைய கணக்கும் சேர்த்து.

டோரின் மச்சாளின் மூக்கை ஒரு கிளிப்பால் இறுக்கி, றப்பர் குழாயின் முனையை வாய்க்குள் வைத்தா. உருளை ஏறி இறங்கியது. பேனா கோடு போட்டது. மச்சாள் கண்ணை மூடிக்கொண்டு, தன் வழக்கில் தானே சாட்சியாக மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்.

டொக்டர் கோட்டை அளந்து, உயரம், நிறை, வயது எல்லாம் போட்டுக் கணக்குப் பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றினார்.

"சரியாத்தான் இருக்குது. அடுப்பு மந்தமில்லை."

மச்சாள் முதலில் விளங்காதவர் மாதிரிப் பார்த்தார். பிறகு அண்ணனைப் பார்த்தார். அண்ணன் சுவரில் இருந்த கலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒருநாள் கணக்கை வைச்சு முடிவு கட்டுறது சரியில்லை" என்றார் டொக்டர், எழும்பும்போது. "இன்னொரு நாள் வாங்கோ. இரண்டு தரம் அளந்து குறைஞ்சதைத்தான் எடுக்கிறது. அதுதான் முறை."

அந்த இன்னொரு நாள் வரவே இல்லை.

அண்ணன் போகச் சொன்னார்தான். அடுத்த கிழமையே, "வாரும், இன்னொருக்கா அளப்பம். அப்பவும் சரி எண்டால் பிறகு கதை இல்லை" என்றார். மச்சாள்தான் மறுத்தார். "வேண்டாம், போதும்" என்றார். திரும்பத் திரும்பக் கேட்டும் அதே சொல்.

"குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும்" என்றார் அண்ணன். அன்றைக்கே அலுமாரிக்குப் பூட்டு வந்தது. சீனி, பிஸ்கற், பால்மா எல்லாம் உள்ளே போனது. திறப்பு அண்ணனின் இடுப்புக் கொடியில் தொங்கியது.

எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. குசினிக்குள் மச்சாளைப் பிடித்தேன். "ஏன் மச்சாள் போகமாட்டன் எண்டுறியள்? நீங்கள்தான் தின்னேல்லையே. போய் அளந்தால் தெரிஞ்சுபோமெல்லோ!"

மச்சாள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். கையை நிறுத்தாமல், ஆறுதலாகச் சொன்னார். "அந்த றோட்டால இன்னொருக்கா இவரைக் கூட்டிக்கொண்டு போகவோ? உமக்கென்ன விசரே? அண்டைக்கு அந்த மதிலோட நிண்டாரே, கண்டனீர்தானே. என்ர உடம்பை அளக்கப்போய் இவரை லொறியில ஏத்திக் குடுத்துப்போட்டு வரவோ? என்னைக் கள்ளி எண்டு சொல்லட்டும். சொல்லுறதுக்கு ஆள் வீட்டில இருக்குமெல்லோ."

"அப்ப நாங்கள் இரண்டு பேரும் போவம்."

"அவர் தனிய விடுவாரே? வராமல் இருக்கமாட்டார்."

அதுவும் உண்மை. அண்ணன் எங்களைத் தனியே விடமாட்டார். நான் சும்மா இருக்கவில்லை. அன்று பின்னேரமே அண்ணன் வந்ததும் வராததுமாகப் போட்டு உடைத்தேன். "உங்களுக்காகத்தான் மச்சாள் போகேல்லை. உங்களைப் பிடிச்சுக்கொண்டு போடுவாங்கள் எண்ட பயம்" என்றேன். அண்ணன் சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே சிரித்தார்.

"நல்ல சாட்டு. நான் கந்தோருக்கு ஒவ்வொரு நாளும் எந்த றோட்டால போறன்? ஆகாயத்தாலயோ? நீ அவளுக்கு வக்கீல் வேலை பாக்காதை."

ஒவ்வொரு நாளும் அவர் கந்தோரால் திரும்பி வரும் வரைக்கும் மச்சாள் ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி நின்றதை அவர் எப்படிக் காணுவார்? அவர் காணும்போது மச்சாள் அடுப்படியில் நிற்பார்.

வருசங்கள் போயின. மச்சாள் இன்னும் ஊதினார். நடந்தால் மூச்சு வாங்கியது, சொல்லை இழுத்து இழுத்துக் கதைத்தார், கதிரையில் இருந்தபடியே நித்திரை கொண்டார். அண்ணன் ஒரு நாள் வாய்விட்டுக் கெஞ்சினார். "நான் ஏசமாட்டன். உண்மையைச் சொல்லிப்போடும். ஒளிச்சுத் தின்னனீர்தானே?" அவருடைய கண் கலங்கியிருந்தது.

மச்சாள் அவருடைய கண்ணைப் பார்த்தார். "ஓம்" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அண்ணன் பெருமூச்சு விட்டார். மச்சாளின் தலையைத் தடவினார். "சரி, போகட்டும். நான் மன்னிச்சிட்டன்" என்றார். செய்யாத களவுக்கு மன்னிப்பு! அந்த மனிசி அதையும் வாங்கி வைத்துக்கொண்டது. பிறகு நான் சண்டைக்குப் போனபோது, "விடும் ஜெகதீசு. அந்த மனுசன் இண்டைக்காவது நித்திரை கொள்ளட்டும்" என்றார்.

தொண்ணூற்றொன்றில் ஒரு காலை மச்சாளை எழுப்ப முடியவில்லை. உடம்பு பச்சைத் தண்ணி மாதிரிக் குளிர்ந்திருந்தது, மூச்சு இருந்தும் இல்லாத மாதிரி. ஹுசைனின் காரில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடினோம். அங்கே இருந்த இளம் டொக்டர் மன்னார்ப் பக்கத்துப் பிள்ளை. மச்சாளின் முகத்தையும், ஓரம் உதிர்ந்த புருவத்தையும் பார்த்தார். காலில் சின்னச் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டிப் பார்த்தார். எங்கள் பக்கம் திரும்பினார்.

"இது தைரொயிட். கனகாலமா இருந்திருக்குது. ஒருத்தரும் பாக்கேல்லையே?"

"பாத்தனாங்கள் டொக்டர்" என்றார் அண்ணன். "எண்பத்தாறில மூச்சை அளந்தனாங்கள். கணக்குச் சரியா இருந்தது."

"அளக்கேக்க ஆள் என்ன நிலையில இருந்தவ? பயந்து, படபடத்துப்போய் இருந்தால் குறைஞ்ச கணக்குக்கூட ஏறிச் சரியான மாதிரிக் காட்டும். வழியில ஏதும் நடந்ததோ?"

"இல்லை, ஒண்டும் நடக்..." என்ற அண்ணன் நிறுத்திவிட்டார். பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு வாங்கில் குந்தினார். நான் அவரைத் தேற்றவில்லை. கண்கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்று என் வாயில் வந்தது, அதை மட்டும் விழுங்கிக்கொண்டேன்.

மருந்து ஏற்றினார்கள். மச்சாள் கண் திறக்கவில்லை. மூன்றாம் நாள் போய்விட்டார். அண்ணன் அவருடைய காதுக்குள், "பத்மா, நீர் தின்னேல்லை, எனக்குத் தெரியும், நீர் தின்னேல்லை" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அது மச்சாளுக்குக் கேட்டதோ இல்லையோ, ஆண்டவனுக்குத்தான் வெளிச்சம்.

செத்த எட்டாம் நாள், எட்டுச்செலவுக்கு, எங்கள் சனம் செத்தவருக்குப் பிடித்ததெல்லாம் சமைத்துப் படைக்கும். மீன், இறைச்சி என்று மச்சமும் படைக்கும். வந்திருந்த பெண்கள், "பத்மாவுக்கு என்ன விருப்பம்?" என்று கேட்டார்கள். அண்ணன் எழும்பி வெளியே போனார். பேக்கரியில் இருந்து இரண்டு கையாலும் அணைத்தபடி பெரிய பார்சலோடு வந்தார். அவ்வளவும் மாலு பாண், கடதாசியில் எண்ணெய் ஊறியிருந்தது. பிறகு இடுப்பில் இருந்த திறப்பை எடுத்து அலுமாரியைத் திறந்தார். உள்ளே இருந்ததையெல்லாம் எடுத்து வெளியே வைத்தார், சீனி, பிஸ்கற், பால்மா, ஒன்று மிச்சமில்லாமல்.

தலைவாழை இலையில் சோறு, நண்டுக்கறி, பொரியல், வடை எல்லாம் வைத்து நடுவில் மாலு பாணைக் குவித்தோம். மச்சாள் உயிரோடு இருந்தபோது அந்த வீட்டில் அவருக்கு முன்னால் அவ்வளவு சாப்பாடு வைத்ததே இல்லை. விளக்கைக் கொளுத்தினோம். செத்தவர் வந்து சாப்பிடட்டும் என்று வழக்கப்படி எல்லாரும் வெளியே வந்து அறைக்கதவைச் சாத்தினோம்.

கொஞ்ச நேரம் போனது. பசியோடு வந்த சனம், பிள்ளைகள் வேறு சிணுங்கின. பெரிய மாமா செல்லையா, "இவ்வளவு நேரம் காணும், கதவைத் திறவுங்கோ" என்றார். ஒருவர் கதவில் கை வைத்தார்.

அண்ணன் குறுக்கே போய் நின்றார். குசினி வாசலில் நின்ற அதே மாதிரி, நிலையில் ஒரு கையை ஊன்றியபடி. ஆனால் இந்த முறை முதுகை அறைப்பக்கம் காட்டி, முகத்தை எங்கள் பக்கம் வைத்திருந்தார்.

"பொறுங்கோ மாமா" என்றார். "ஒருத்தரும் பாக்க வேண்டாம். அவள் ஆறுதலாச் சாப்பிடட்டும்."

சோறு ஆறிப்போகும் வரைக்கும் அவர் கதவைத் திறக்க விடவில்லை.